சேர்மனும் சித்தியும் ஒரு வரிசைக் கக்கூஸும்

இந்தத் தீவில், ஜங்லிகாட் சரிவில் என்னோடு பிறந்து வளர்ந்து, இன்றைக்கு முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படிக்க வேண்டாம். படித்தால் விழாக் கமிட்டிக்காரர்களிடம் போய்ச் சொல்வார்கள், அவர்கள் என் மகனிடம் சொல்வார்கள், மகன் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டான். இப்படி யோசித்து யோசித்தே எத்தனையோ தடவை பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பாக எழுதிவிடுவேனோ என்று ஒரு பயம். சரியாக எழுதிவிட்டால் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பெரிய பயம். ஆனால் அந்த விழாவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வயிற்றில் ஏதோ எரிகிறது. மாத்திரை போட்டும் அடங்கவில்லை.

நம் பழைய முனிசிபல் சேர்மனுக்குச் சிலை வைத்தார்களே, அந்த விழாவைத்தான் சொல்கிறேன்.

கடலைப் பார்த்த மாதிரி, பூங்கா முனையில் நிற்க வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு தடித்த புத்தகம். அந்த மனிதர் கையில் நான் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு மூங்கில் கம்பு இருக்கும், சாக்கடைக்குள் விட்டு ஆழம் பார்ப்பார். சிலை மெயின்லேண்டில் செய்து கப்பலில் வந்ததாம். அந்த மூக்கு யாருடையது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சேர்மன் குள்ளம், கொஞ்சம் வளைந்த கால், வெற்றிலைக் காவி ஏறிய பல். இவர்கள் வைத்திருப்பது சினிமாவில் ஜமீன்தார் வேஷம் போடுகிற ஆள்.

அவர் லோக்கல்பார்ன். தாத்தா கைதியாக வந்து, விடுதலையாகி, வேறு பாஷைக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிய குடும்பம். நம் தீவில் ஒவ்வொரு பாஷைக்காரனுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது, செத்தால் மாலை போட. இவர் எந்தச் சங்கத்துக்கும் சொந்தமில்லை. அதனால்தான் இத்தனை காலம் மறந்துபோனார்கள். இப்போது எல்லா ஊரிலும் பழைய பெரியவர்களைத் தேடிச் சிலை வைக்கிற காய்ச்சல் வந்திருக்கிறதல்லவா, நமக்கும் ஒருவர் வேண்டுமே என்று தோண்டியெடுத்திருக்கிறார்கள்.

எடுத்தவுடன் சொந்தம் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். நம் பாஷைக்காரர் ஒருவர் மைக்கை விழுங்குகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, “ஐயா அவர்களின் பாட்டியார் மதுரைப் பக்கம்” என்றார். தெலுங்குக்காரர் எழுந்து, “இல்லை, விசாகப்பட்டினம்” என்றார். வங்காளக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பையில் வேறு ஒரு பாட்டி இருந்தாள் போலிருக்கிறது. நம் ஆள் விடவில்லை. “தமிழ்க் காவலர்” என்று முடித்தார். சேர்மனுக்குத் தெரிந்த தமிழ் எனக்குத் தெரியும். தண்ணி, வாங்க, கக்கூஸ்.

நகரத்தின் சிற்பி என்றார்கள். தீர்க்கதரிசி என்றார்கள். பொன்னாடையை ஒருவருக்கொருவர் போர்த்தி, கழற்றி, மறுபடி போர்த்தினார்கள். அவர் என்ன செய்து சிற்பியானார் என்று மட்டும் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. நாம் இன்றைக்கும் மூச்சு வாங்க ஏறுகிற அந்தச் சந்துப் படிக்கட்டெல்லாம் அவர் போட்டது. மேட்டிலிருந்து கடல்வரை இறங்குகிற கல் சாக்கடை அவர் வெட்டியது. தெருக் குழாய் அவர் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கக்கூஸ் கட்டினார். ஒரு ஊர் ஊராவது சிலையால் இல்லை, கக்கூஸால். அதைச் சொன்னால் பொன்னாடையில் நாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்று பயம் அவர்களுக்கு.

எனக்கும் பயம் உண்டு. ஆனால் இந்த மாதிரிப் பயம் இல்லை.

மழைக்கு முந்தின அந்தக் காய்ச்சல் மாசங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். குழாயில் காற்று மட்டும் வரும். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் தலைமுடி வேகும். மர மில்லில் வேலை செய்கிறவர்கள் வீடு திரும்பினால் சட்டையில் அறுத்த மரத்தின் வாசனை, அதை மிஞ்சி ஓடைப் பக்கத்திலிருந்து அழுகின வாசனை. நம் சந்தின் அடியில் உப்புத்தண்ணி ஓடையும், வேர்மேல் வேர் ஏறின சதுப்புக் காடும் இருந்தன. இப்போது அங்கே பைக் ரிப்பேர் கடைகள்.

அப்போது எனக்குப் பத்து வயசுக்குள் இருக்கும். அப்பாவுக்குச் சந்து முனையில் மளிகைக் கடை. சித்தப்பாவுக்கு மில்லில் வேலை. ராமநாதபுரத்துப் பக்கம் போய்க் கல்யாணம் முடித்து, சித்தியைக் கப்பலில் கூட்டிவந்தார். கப்பல் முழுக்க வாந்தி எடுத்து, மஞ்சள் கயிறு வெளுக்காத கழுத்தோடு சித்தி எங்கள் வாசலில் வந்து நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. கையில் ஒரு பித்தளைச் செம்பு, அதன் கழுத்தில் சின்ன நசுங்கல். அந்தச் செம்பு அப்புறம் எந்தப் பழைய இரும்புக்காரனிடம் போனதோ தெரியாது. வந்தவள் அம்மா காதில் முதலில் கேட்டது ஒன்றுதான்.

“அக்கா, இங்க எங்க?”

அம்மா முகவாயால் ஓடைப் பக்கம் காட்டினாள். “இருட்டுறதுக்கு முன்னாடி இல்ல. விடிஞ்ச பிறகும் இல்ல. நடுவுல வந்தா அடக்கிக்க, ஆத்தா.”

உங்களில் ஆண்களாக இருக்கிறவர்களுக்கு இது தெரியாது. உங்களுக்கு மேட்டுக்குப் பின்னால் தோப்பு இருந்தது, எந்த நேரமும் போகலாம். பொம்பளைகளுக்கு இருட்டும் வேண்டும், கடலும் தயவு பண்ண வேண்டும். இருட்டாக இருக்கும்போது அலை ஏறியிருந்தால் சதுப்பில் நிற்க இடமே இருக்காது, முழங்கால்வரை தண்ணீர். முதலை வரும் என்ற பேச்சு வேறு. அப்போது ஏறி நிற்க ஒரே ஒரு கல். அகலமான கறுப்புக் கல், தண்ணீருக்கு மேலே ஆமை முதுகு மாதிரி தெரியும். ஒருத்தி இறங்கினால்தான் அடுத்தவள் ஏறலாம். கையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், கொசுவுக்கு உடம்பைக் கொடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். அந்தக் கல்லின் வழவழப்பு உள்ளங்காலுக்கு இன்னும் தெரியும்.

சித்தியின் ஊரில் பொட்டல்தான், ஆனால் கருவேலங்காடு உண்டு. எந்த நேரமும் ஒரு மறைவு. இங்கே வந்து கொஞ்ச நாளிலேயே அவள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் ஒரு வாய், ராத்திரி ஒரு வாய். கஞ்சியைப் பிழிந்து சோற்றை மட்டும் தின்பாள். உதடு வெடித்தது. அந்த வெயிலில் அவளுக்கு வியர்க்கவே வியர்க்காது. குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். எரிகிறது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். சித்தப்பாவிடம் சொன்னது வேறு.

“என்னைக் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிருங்க.”

“ஏன், இங்க என்ன குறைச்சல்?”

புதுசாகக் கட்டின புருஷனிடம் அதை எந்த வாயால் சொல்வாள்? உடனே ஆண்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். நம் ஆண்கள் கூடினால் முடிவு எப்படியிருக்கும் என்று தெரியுமே. முதலில் திமிர் என்றார்கள். எதிரே டீக்கடை வைத்திருந்தவர்தான் திருத்தினார். “திமிர்க்காரி தின்னு கொழுப்பா. இது காயுது. ஓடைக்கரையில செத்தது ஏதோ பிடிச்சிருக்கு.”

பேயாம்! அடுத்த சந்திலிருந்து ஒரு பூசாரி வந்தார். பட்டப்பகல், சாப்பாட்டு நேரம். சித்தியை நடுவாசலில் உட்கார வைத்து வேப்பிலையால் அடித்து, “யாரு நீ? சொல்லு, யாரு நீ?” என்று கேட்டார். சித்தி தன் பெயரைச் சொன்னாள். “பொய் சொல்லுது” என்றார் பூசாரி. பிறகு மந்திரித்த தண்ணீர் என்று ஒரு குடத்தை வைத்து, குடிக்க வைத்தார். சித்தி தலையை ஆட்டினாள். வாயை அழுத்திக்கொண்டாள். பாருங்கள், தண்ணீரைக் கண்டு பயப்படுகிறது, நான் சொல்லவில்லையா என்றார் டீக்கடைக்காரர். சித்தப்பாவும் அப்பாவும் கையைப் பிடித்துக்கொள்ள, செம்பு செம்பாக ஊற்றினார்கள்.

இருட்டுவதற்கு இன்னும் முழுச் சாயங்காலம் பாக்கி இருந்தது. ஆண்கள் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. பேய் இறங்குவதைப் பார்க்க வேண்டுமே. சித்தி உட்கார்ந்தபடியே அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சித்தியின் சேலைக்குக் கீழே வாசல் மண் நனைந்தது. பூசாரி கையைத் தட்டினார். “போயிருச்சு! போற வழி பார்த்தீங்களா?”

போன வழியை எல்லாரும் நின்று பார்த்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த முகங்களின் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது. அதில் ஒன்று என் அப்பாவின் முகம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்படி எழுதலாமா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடிக்கட்டும்.

சேர்மன் வந்தது அதற்கப்புறம். காய்ச்சல் பரவுகிறது, சாக்கடை பார்க்க வேண்டும் என்று மூங்கில் கம்போடு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு வந்தார். கூட ஒரு மேஸ்திரி, அவர் நம் பாஷைக்காரர், சேர்மனின் இந்தியைத் தமிழிலும் நம் தமிழை இந்தியிலும் மாற்றிச் சொல்கிறவர். அப்பா கடைக்கு முன்னால் நாற்காலி போட்டார், டீக்கடையிலிருந்து ஸ்பெஷல் டீ வந்தது. அவர் உட்காரவில்லை. சந்து முழுக்கப் பார்த்தார். தகரம், படி, குழாய், கடை. பிறகு இந்தியில் கேட்டார். “ஔரத் லோக் கிதர் ஜாதா ஹை?” பொம்பளைங்க எங்கே போறாங்க?

அந்தச் சந்தில் அந்தக் கேள்வியை அதுவரை எந்த ஆம்பளையும் கேட்டதில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாதான் நெஞ்சை நிமிர்த்தினார்.

“எங்க வீட்டுப் பொம்பளைங்க பகல்ல வெளிக்குப் போறதில்ல, சாப்.”

பெருமையாகச் சொன்னார். ஏதோ எங்கள் வம்சத்துப் பெண்களுக்கு அந்த உறுப்பே கிடையாது என்கிற மாதிரி.

“நீங்க?” என்றார் சேர்மன்.

“நாங்க ஆம்பளைங்க, சாப்.”

சேர்மன் அவரை விட்டுத் திரும்பினார். குழாயடியில் காலிக் குடத்தோடு பொம்பளைகள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்தார். எல்லோரும் தலை குனிந்தார்கள். சித்தி மட்டும் கையை நீட்டி ஓடையைக் காட்டினாள். அவர் இறங்கிப் போனார். சதுப்புக்குள் போய் வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினார். பூட்ஸுக்குள் எல்லாம் சேறு. நடக்கும்போது சளக் சளக்கென்று சத்தம். போட்டுவைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது, தொடவில்லை. சந்தின் மேல்முனையில் கடைகளுக்கு எதிரே இருந்த காலி மேட்டைக் கம்பால் குத்தி, “இங்கே கட்டுவேன். பொம்பளைங்களுக்கு. மேலே தண்ணித் தொட்டி, கீழே டேங்க்” என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நம் ஆண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊர் வாசலில் கக்கூஸா? விருந்தாள் வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுவா? அந்த மேட்டில் பஜனை மடம் கட்டலாம் என்று அவர்கள் பல வருஷமாக டீ குடித்துக்கொண்டே பேசிவந்தார்கள். ஒரு செங்கல் வைத்ததில்லை. இப்போது அவசரம். கவர்மெண்ட் கட்டடம் வராமல் தடுக்க நம்மவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் உண்டு. சாமி வைத்துவிடுவது.

வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், பொம்பளைகள் தண்ணீர் லாரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு கல்லைத் தூக்கிவந்து மேட்டில் நட்டார்கள். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் குத்திய சூலம் ஒன்றைப் பக்கத்தில் ஊன்றி, டீக்கடைக்காரர் வீட்டு அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். கல்லின் மேலேயே வாழையிலை போடாமல் படைத்து, அதை வழித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் கல்லில் ஒட்டியதையும் விடவில்லை, விரலால் சுரண்டித் தின்றார். துணி சுற்றியிருந்ததால் வெறும் மஞ்சள் கட்டிதான் பொம்பளைகள் கண்ணில் பட்டது. கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடியுமுன்னால் அலை ஏறியிருந்தது. பொம்பளைகள் ஓடைக்குப் போனார்கள். கல்லைக் காணோம்.

மேட்டு வீட்டு அக்கா என்று ஒருவர் இருந்தாரே, கனத்த உடம்பு, அவர்தான் எப்போதும் முதலில் ஏறுவார். வழக்கம்போலக் காலை வைத்தவர் இடுப்புவரை சேற்றில் போய்விட்டார். நாலைந்து பேராக இழுத்தார்கள். நானும் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவர் அழுதாரா திட்டினாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அன்றைக்கு யாருக்கும் போக இடமில்லை. அப்படியே திரும்பி வந்தோம்.

வெயில் ஏறினதும் சேர்மன் கூலி ஆட்களோடு வந்தார். ஆண்கள் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு குறுக்கே நின்றார்கள். பொம்பளைகள் தள்ளி நின்றார்கள். சேர்மன் சாமியைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றினார். இரண்டு கையும் கூப்பினார். நம் ஆட்களுக்கு ஒரே சந்தோஷம்.

“எந்தச் சாமி?” என்றார்.

“பிள்ளையார்” என்றார் அப்பா. அதே நேரத்தில் டீக்கடைக்காரர் “காளி” என்றார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். அப்பா சுதாரித்தார். “சாமி எதுவோ, தானா வந்தது, சாப். சுயம்பு. கடல் கொடுத்தது. உளி படாமயே இந்த வழவழப்பு, தொட்டுப் பாருங்க” என்று சிவப்புத் துணியை விலக்கி, மஞ்சளைக் கையால் துடைத்துக் காட்டினார்.

பொம்பளைகள் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் மேட்டு வீட்டு அக்கா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டார். அம்மா திரும்பி நின்றாள், அவள் முதுகு குலுங்கியது. சித்தி அடக்கவே இல்லை. ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. வெடித்த உதட்டில் ரத்தம் கசியச் சிரித்தாள்.

“என்ன சிரிப்பு அங்க?” என்று சித்தப்பா கத்தினார்.

“அது எங்க கல்லு” என்றாள் சித்தி.

“என்ன?”

“அலை ஏறினா நாங்க ஏறி ஒதுங்குற கல்லு. உளி படல, பெரிய அத்தான் சொல்றது சரிதான். எங்க காலு பட்டுத்தான் வழவழன்னு ஆச்சு. ஒரு நாளா, ரெண்டு நாளா? இந்தச் சந்துல வாக்கப்பட்ட அம்புட்டுப் பேரு காலும். பொங்கல் ருசியா இருந்துச்சா?”

டீக்கடைக்காரர் சூலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கடைக்குப் பின்னால் ஓடினார். அவர் அங்கே என்ன செய்தார் என்பதைச் சந்து முழுக்கக் கேட்டது.

மேஸ்திரி எல்லாவற்றையும் சேர்மனுக்கு இந்தியில் சொன்னார். சேர்மன் சிரிக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டார். “கல்லை எடுங்க” என்றார். கூலி ஆட்கள் குனிந்தபோது தடுத்தார். “நீங்க இல்ல. வச்சவங்க எடுக்கட்டும். இருந்த இடத்துலயே கொண்டு போய்ப் போடணும். இங்க கட்டி முடியறவரைக்கும் அவங்களுக்கு அது வேணும்.”

அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் சிலரும், மஞ்சள் பூசிய அந்தச் சாமியைத் தூக்கிக்கொண்டு, சேறு மிதித்து, நாங்கள் எல்லோரும் பார்க்க ஓடைக்கு இறங்கினார்கள். என் வாழ்நாளில் நான் பார்த்த ஊர்வலங்களில் அதற்கு ஈடு இல்லை.

ஆனால் ஆண்கள் தோற்றால் யாராவது அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார். “குடும்ப மானத்தைக் கப்பல் ஏத்தினவள அதே கப்பல்ல ஏத்திரு.” சித்தப்பா மறுபேச்சுப் பேசவில்லை. பேய் பிடித்தபோதாவது அவர் கண் கலங்கினார். இப்போது அவருக்கு அவமானம் மட்டும்தான்.

அதுவரை அனுப்பு அனுப்பு என்று கெஞ்சினவள் சித்தி. இப்போது அவளுக்குப் போக மனசில்லை. சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டது எனக்குக் கேட்டது. “அது கட்டி முடியட்டும். ஒரே ஒரு நாள் பகல்ல போயிட்டு வந்துர்றேன். அப்புறம் எங்க வேணும்னாலும் அனுப்புங்க.” சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தில் ஏறும்போது அதைப் பார்த்துக்கொண்டேதான் போனாள். துறைமுக ஜெட்டியில் கப்பல் சங்கு ஊதினது. அம்மா அழுதாள். சித்தி செம்பு நிறையத் தண்ணீர் வாங்கி, நிறுத்தாமல் குடித்தாள். “கப்பல்ல இருக்கும்லக்கா” என்றாள்.

கட்டி முடித்தார்கள். வெள்ளையடித்த வரிசை, பச்சைக் கதவுகள், வெளிச்சுவரில் ஒரு பெரிய பூட்டு. மழை பிடிப்பதற்குள் திறக்க வேண்டும் என்று சேர்மனே சாவியோடு வந்தார். ரிப்பன் இல்லை, மைக் இல்லை. வந்தவுடன், “அன்னிக்குப் பேசின பொண்ணைக் கூப்பிடுங்க. அவங்கதான் திறக்கணும்” என்றார்.

“தாய்வீட்டுக்குப் போயிருக்கா, சாப். தலைப்பிரசவம்” என்றார் அப்பா. கூசாமல் சொன்னார். சித்தப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேஸ்திரி சேர்மன் காதில் உண்மையைச் சொன்னார். சேர்மன் முகம் கறுத்தது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அப்ப இன்னிக்குத் திறக்கல. அவங்க வரட்டும். கூட்டிட்டு வாங்க. அவங்க கையால திறக்காம இந்தப் பூட்டு திறக்காது. அதுதான் அவங்களுக்கு நான் பண்ற மரியாதை.”

எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. தலையை ஆட்டினார்கள். நல்ல பேச்சு, பெரிய மனுஷன் பேச்சு. கக்கூஸும் திறக்க வேண்டாம், அவர்கள் செலவில்லாமல் மரியாதையும் ஆயிற்று.

அப்போது அம்மா முன்னால் வந்தாள். அப்பா இருக்கும் இடத்தில் அவள் குரல் வெளியே கேட்டதே கிடையாது. பூசாரி வந்த அன்றைக்குத் தரையைப் பார்த்தவள் அவள். நான் பயத்தில் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாள். தமிழில்தான் சொன்னாள், மேஸ்திரி சொல்லட்டும் என்று.

“அவ கேட்டது மரியாதை இல்ல, சாப். கதவு. அதைப் பூட்டி வச்சு அவளுக்கு மரியாதை பண்ணாதீங்க. அந்தக் கப்பல் மறுபடி எப்ப வரும்னு உங்களுக்கே தெரியாது. நாங்க நாளைக்கு விடியக்காலம் எங்க போறது?”

மேஸ்திரி சொல்லி முடித்ததும் சேர்மன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். பிறகு சாவியை எடுத்து அம்மா கையில் வைத்தார். “மாஃப் கரோ, பஹன்” என்றார். மன்னிச்சிரும்மா என்று. மேடையேறிய எத்தனையோ பெரிய மனிதர்களை நான் பார்த்துவிட்டேன். மளிகைக்கடைக்காரர் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டவர் இவர் ஒருவர்தான். சிலை வைப்பதென்றால் அந்த நொடிக்குத்தான் வைக்க வேண்டும். புத்தகம் எதற்கு?

அம்மா பூட்டைத் திறந்தாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் நான். டீக்கடையில் அத்தனை கண்ணும் எங்கள் மேலே. அம்மா திரும்பி, “என்ன பார்க்குறீங்க? உள்ள தீபாராதனையா காட்டுறாங்க?” என்றாள். அப்பா உட்பட எல்லோரும் கிளாஸுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். சுண்ணாம்பு வாசனை, புதுச் சிமெண்டின் குளிர்ச்சி, கதவுக்கு மேலே வானம். பட்டப்பகலில், அவசரம் இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்தேன். அடுத்த கதவுக்குள் மேட்டு வீட்டு அக்கா பாட்டுப் பாடினார்.

அடுத்த தேர்தலில் நம் சந்து ஆண்கள் ஒருத்தர் விடாமல் போய் சேர்மனுக்கு எதிராகக் குத்திவிட்டு வந்தார்கள். அவரும் தோற்றார். பள்ளிக்கூடங்களுக்கும் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம், அதற்குள் ஆளே மாறிவிட்டது. நான் பெரியவளானதும், பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் ஒதுங்க இடமில்லை என்று அப்பா என்னை ஏழாவதோடு நிறுத்தினார். நான் ஏன் இவ்வளவு பயந்தவளாக இருக்கிறேன், ஏன் இவ்வளவு தப்பாக எழுதுகிறேன் என்று கேட்கிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்மன் செத்தபோது நான் கேள்விப்பட்டதே ரொம்ப நாள் கழித்துத்தான். அந்த வரிசையை இடித்து வண்டி நிறுத்த இடம் பண்ணினபோதும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசுகிறார்கள், பாட்டி எந்த ஊர் என்று.

சித்தி திரும்பி வரவே இல்லை. தனியாக இருந்து பார்த்துவிட்டு, சில வருஷத்தில் சித்தப்பாதான் அவள் பின்னால் கப்பல் ஏறினார். அங்கே ஏதோ அரவை மில்லில் வேலைக்குச் சேர்ந்து, அவளுக்கு அடங்கின மனுஷனாக இருந்து செத்தார் என்று கேள்வி.

என் கல்யாணமெல்லாம் ஆகி, பிள்ளைகள் வளர்ந்தபிறகு ஒரு தடவை மெயின்லேண்ட் போயிருந்தபோது அவளைத் தேடிப்போனேன். வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். கண் பார்வை மங்கிவிட்டது. தடவித் தடவி என் முகத்தைக் கண்டுபிடித்தாள். அழுவாள், அப்பாவைத் திட்டுவாள், பழசையெல்லாம் கிளறுவாள் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே போயிருந்தேன். ஒன்றும் இல்லை. அம்மா போனதைச் சொன்னேன், ம் என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து அருகில் இழுத்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

“பாப்பா, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா வச்சாங்களா?”

“வச்சாங்க சித்தி. இரும்புத் தாழ்ப்பா. உள்ளேருந்து போட்டுட்டா எவன் வந்தாலும் திறக்க முடியாது.”

“நீ போட்டுப் பார்த்தியா?”

“போட்டேன்.”

என் மணிக்கட்டை விட்டாள். “அப்ப சரி” என்றாள்.